ஒன்பது பேர் குறைவு

மூன்று தெருக்களிலும் அவளுக்கு மீட்டர் அக்கா என்றுதான் பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பதினாறு வருடமாக மீட்டர் அளவு எடுக்கிற வேலை. மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போக வேண்டும். குனிந்து, இரும்பு மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். அந்த வேலை அவளுக்கென்றே செய்தது போல இருந்தது. உட்கார்ந்தால் அவளுக்குக் காலில் எறும்பு ஊறும். வீட்டில் பாதிச் சாப்பாடு நின்றபடியேதான். பேருந்துக்காகக் காத்து நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்குவாள். பாதி வழியில் பேருந்து அவளைத் தாண்டிப் போய்விடும்.

அவள் கணவர் கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பார். மூன்றில் ஒன்றுதான் எழுதும். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தெருமுனையில் பிரார்த்தனைக் கூடத்தை ஒட்டியிருந்த சபைப் பள்ளியில்தான் அவருக்கு வேலை. அந்த மூன்று தெருக்களிலும் அநேகமாக எல்லோரும் சபையைச் சேர்ந்தவர்கள். பிறந்தால் பெயர் வைப்பது, கல்யாணம், சாவு, இரண்டு வீட்டுக்கு இடையே சுவர்த் தகராறு, எல்லாவற்றுக்கும் சபைப் பெரியவர்தான். அவர் முன்பு மருந்துக் கடை வைத்திருந்தவர். கடையை விட்டு இருபது வருடமாகியும் அந்தப் பேச்சு போகவில்லை. மனக் கவலையோடு யார் வந்தாலும், "காலையில ஒரு பிரார்த்தனை, சாயங்காலம் ஒரு பிரார்த்தனை, வெறும் வயித்துல" என்பார். கேட்டவர்கள் சிரித்தபடி, ஆனால் சொன்னதைச் செய்யும் எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மீட்டர் அக்காவின் அப்பா மருத்துவமனையில் கிடந்த கடைசிப் பதினொரு நாளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அவள்கூட அத்தனை நேரம் அங்கே உட்காரவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள்.

கடவுள் இல்லை என்று அவள் யாரிடமும் வாதாடியதில்லை. சபையின் வாரக் கூட்டம் ஒன்றில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் சுவரில் இருந்த மின்சார மீட்டரின் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரார்த்தனை முடிவதற்குள் அது நாற்பத்திரண்டு முறை சுற்றியிருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது, கொஞ்ச காலமாகவே தன் உதடு மட்டும்தான் அசைகிறது என்று. உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வலியும் இல்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு சும்மா சும்மா போய்த் தடவிப் பார்ப்பதுபோல் சில மாதம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரிடம் சொல்லவில்லை. சொல்லி அவரைச் சங்கடப்படுத்துவானேன் என்று நினைத்தாள். வாரக் கூட்டத்துக்குத் தவறாமல் போனாள். பாட்டு வந்தபோது எழுந்து நின்றாள். இப்படி ஆறு வருடம் போனது.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது.

நகராட்சி ஊழியர்களில் நடக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கணக்கெடுப்புக்கு எடுத்தார்கள். அவளுக்கு அவளுடைய மூன்று தெருக்களையே ஒரு தொகுதியாகக் கொடுத்தார்கள். பயிற்சி இரண்டு நாள் நடந்தது. நடத்திய மாவட்ட அதிகாரி ஒரு பெண்மணி. தீராத ஜலதோஷம், கையில் எப்போதும் கைக்குட்டை. மதம் பற்றிய கேள்வி வந்தபோது அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். வீட்டுத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வதை இந்தக் கேள்விக்கு மட்டும் எழுதக் கூடாது. வயது வந்த ஒவ்வொருவரிடமும் டேப்லெட்டைத் தனியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்களே விரலால் தொட வேண்டும். 'இல்லை' என்று ஒரு கட்டம் உண்டு. 'சொல்லவில்லை' என்று இன்னொன்றும் உண்டு. எதைத் தொட்டாலும் சரி, விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும், பார்த்ததும் மறந்துவிட வேண்டும் என்றார். பிறகு ரகசியக் காப்பு உறுதிமொழித் தாளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதில் 'கடவுள் சாட்சியாக' என்றும் 'மனசாட்சிப்படி' என்றும் இரண்டு இருந்தன. வேண்டாததை அடித்துவிடச் சொன்னார்கள். மீட்டர் அக்கா முதலாவதை அடித்தாள். இரண்டு முறை அடித்ததில் தாள் லேசாகக் கிழிந்துவிட்டது.

அந்த வாரக் கூட்டத்தில் பெரியவரும் இதைப் பற்றிப் பேசினார். தொகுதியில் சபையினர் ஐந்நூறு பேர் இருந்தால் சபைப் பள்ளிக்கு அரசு உதவி கிடைக்கும். பெயர்ப் பட்டியலில் ஐந்நூற்று ஆறு பேர் இருக்கிறோம். யாரும் மறந்துபோய் வேறு எதையும் தொட்டுவிடாதீர்கள் என்றார். மிரட்டவில்லை. மறதிக்குத்தான் எச்சரித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

மூன்று தெருவையும் முடிக்கப் பதினெட்டு நாளானது.

மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்க்கிற கடைக்காரர் ஒருவர் இருந்தார். கூட்டத்தில் முன்வரிசைக்கு முந்துகிற ஆள். டேப்லெட்டை வாங்கி நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "இது தொட்டா சத்தம் போடுமா?" என்று கேட்டார். போடாது என்றாள். 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, சூடான பாத்திரத்தைக் கொடுப்பதுபோல் அவசரமாக அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். கூடத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மாளும் அதையே தொட்டாள். தெருக்கோடி வரை கேட்கிற குரல் அவளுக்கு. தொட்ட பிறகு, தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டாள். மூன்று மாதம் முன்பு கல்யாணமாகி வந்த ஒரு பெண், மாமியார் கொல்லைப் பக்கம் போகும் வரை வேறு கேள்விகளுக்கே மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்து, காலடி ஓசை தேய்ந்ததும் தொட்டாள்.

பெரியவர் வீட்டில் அவரே கதவைத் திறந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சபையின் பெயரைத் தேடித் தொட்டார். தொட்டதை அவளுக்குக் காட்டவும் செய்தார். அவர் மனைவி சமையலறையில் இருந்தார். பெரியவர் நாகரிகமாக முன்னறையிலேயே இருந்துகொள்ள, மீட்டர் அக்கா உள்ளே போனாள். அந்த அம்மாள் மாவு பிசைந்த கையைப் பார்த்தார், மாவு படாத சுண்டு விரலை நீட்டினார். அது நேராக 'இல்லை' மேல் போய் நின்றது. கண நேரம்கூடத் தயங்கவில்லை. உடனே, அதே மூச்சில் கேட்டார்:

"இந்த மாசம் தண்ணி பில்லு கூட வந்திருக்கே, மீட்டர்ல எதாவது கோளாறா?"

"பாக்கறேன்மா" என்றாள் மீட்டர் அக்கா.

வெளியே வந்து மீட்டரைப் பார்த்தாள். கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்குத்தான் கால் நிலைகொள்ளவில்லை. தெருவைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். இத்தனை வருடம் அந்தக் கூடத்தில் தான் மட்டும்தான் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். மற்ற வீடுகளையும் முடித்தபோது மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாமல், ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு.

கடைசியாகத் தன் வீடு. கணவர் தன்னுடையதைத் தொட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். அவள் தன்னுடையதைத் தொட்டாள், எட்டாவது ஆனாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளைகளுக்குப் பெற்றவர்களில் ஒருவர் சொன்னால் போதும். ஆனாலும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். மகள் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள்.

"நான் இன்னும் அதப் பத்தி யோசிக்கலம்மா. அப்படிப் போட முடியுமா?"

'சொல்லவில்லை' என்று போட்டாள். ஒன்பது.

கணக்கு வெளியாக ஒன்பது மாதமானது. தொகுதிவாரியான அட்டவணையை யாரோ போனில் பதிவிறக்கி வாரக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்நூற்று ஆறு பேருக்குப் பதில் நானூற்றுத் தொண்ணூற்று ஏழு. ஒன்பது பேர் குறைவு. பெரியவர் அந்த எண்ணை மேடையில் இரண்டு முறை படித்தார். மருந்துச் சீட்டில் எழுத்து புரியாதபோது பார்ப்பதுபோல் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, தெரியாமல் தொட்டவர்கள் தன்னிடம் தனியாக வந்து சொல்லலாம் என்றார்.

யாரும் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் கூடத்தில் இடம் போதவில்லை. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். பாட்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. யார் வாய் அசைகிறது, யார் வாய் அசையவில்லை என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். தெருவில் நின்று பேசுகிற வழக்கமே போய்விட்டது. அண்ணன் தம்பிகள் இருவர், நீதான் அது, இல்லை நீதான் என்று சொல்லிச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேருமே சபையின் பெயரைத் தொட்டவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். சொல்ல முடியாது.

ஏழு பேரும் அவளைப் பார்த்த பார்வைதான் அவளைப் படுத்தியது. பழுது பார்க்கிற கடைக்காரர் அவள் தலை தெரிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார். புதுப்பெண் ஒரு நாள் மீட்டர் மூடியைத் துடைக்க உதவுவதுபோல் பக்கத்தில் குனிந்தாள்.

"அக்கா, அது எங்கயாவது பேரோட இருக்குமா?"

"இருக்கும். ஆனா யாருக்கும் காட்ட மாட்டாங்க. வெளிய வரணும்னா என் வாய் வழியாத்தான் வரணும்."

"உங்க வாய்?"

"மூடித்தாம்மா இருக்கு."

அந்தப் பெண் நிமிர்ந்தபோது முகத்தில் நிம்மதி இல்லை. மூடிய வாய் திறக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒரு நாள் காலை பெரியவர் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டார். முன்னறையில் உட்காரச் சொன்னார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. அந்த ஒன்பது பேர் யார் என்று தெரிய வேண்டும், யாரையும் தண்டிக்கப் போவதில்லை என்றார். நோய் யாருக்கு என்று தெரியாமல் எப்படி மருந்து கொடுப்பது என்று கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன், உறுதிமொழி கொடுத்திருக்கிறேன் என்றாள்.

"யார் மேல சத்தியம் பண்ணின?"

"மனசாட்சிப்படின்னு எழுதிக் குடுத்தேன், ஐயா."

"கடவுள் மேல பண்ணாதது எப்படிம்மா சத்தியமாகும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கடவுள் மேல பண்ணியிருந்தா, மீறினா அவர் பாத்துப்பார்னு விட்டுடலாம். இதுக்கு என்னை விட்டா வேற ஆள் இல்ல. நான்தான் காப்பாத்தியாகணும்."

அப்போது அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். தட்டை வைத்துவிட்டு வழக்கம்போல் உள்ளே போகவில்லை. கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவரே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, மீட்டர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமா, வேண்டுகோளா, வெறும் கவனமா, எதுவென்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தேநீர் வாயைச் சுட்டது. பாதியை ஒரே விழுங்காக விழுங்கினாள்.

பெரியவர் மெதுவாகக் கேட்டார். "உங்க அப்பா பக்கத்துல உக்காந்திருந்தவன் கேக்கறேன். அந்த ஒம்பதுல நீ உண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடியில் அவளுக்குக் கதவு தெரிந்தது, தெரு தெரிந்தது, எழுந்து நடந்துவிடலாம் என்றும் இருந்தது.

"உண்டு" என்றாள். "என்னோடத சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அதனால சொல்றேன். மத்தவங்களோடது என்னோடது இல்ல."

அவர் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, போய் வா என்றார்.

அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றுப் பாலம் வரை நடந்து, பாலத்தைத் தாண்டி, திரும்பி வந்தாள். கணக்கு வாத்தியார் மேஜையில் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருடத்தையும் சொன்னாள். அவர் கையிலிருந்த தாளை முடித்து, மதிப்பெண்ணைக் கூட்டி, வட்டம் போட்டு, பேனாவை மூடினார்.

"பாப்பாவுக்கு என்ன போட்ட?"

அதையும் சொன்னாள்.

"அவகிட்ட கேட்டிருக்க" என்றார் அவர். "என்கிட்ட கேக்கல. ஆறு வருஷமா ஒரு தடவகூட என்கிட்ட பேசல. நான் என்ன பண்ணிடுவேன்னு நினைச்ச?"

அவள் இதற்குத் தயாராக வரவில்லை. பள்ளியைப் பற்றிக் கேட்பார், சபையைப் பற்றிக் கேட்பார், நம்பிக்கையைப் பற்றிக் கேட்பார் என்று பாலத்தில் பதில்கள் தயார் செய்திருந்தாள். அடுத்த பல நாள் அவர்கள் உப்பு, சாவி, பாப்பாவின் சீருடை, இவற்றைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

சபை அவளை வெளியேற்றவில்லை. அவளோடு பழக வேண்டாம் என்று மட்டும் சொல்லப்பட்டது. ஆனால் மீட்டர் பார்க்க வருகிறவளுக்குக் கதவைத் திறக்காமல் எப்படி இருப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அவர்களே மீட்டரைப் பார்த்து, எண்ணைச் சாக்கட்டியால் வெளிச்சுவரில் எழுதி வைத்தார்கள். முதல் மாதம் நாலு வீடு; மூன்றாவது மாதம் மூன்று தெருவும் சாக்கட்டி எண்ணாக இருந்தது. விதிப்படி அவள் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு கதவையும் தட்டினாள். கதவைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டி நின்றார்கள். சில எண்கள் தப்பாக இருந்தன. அவர்களுக்குப் பாதகமாகவே தப்பாக இருந்தன. அதையும் திருத்தித்தான் எழுதினாள்.

அதோடு போயிருந்தால் பழகிப்போயிருக்கும். ஆனால் ஒரு பேச்சு கிளம்பியது. நம்பாதவள் கையில் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும், ஒன்பதையும் அவளேதான் மாற்றிப் போட்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். சொன்னதும் தெருவே பெருமூச்சு விட்டது. இனி யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி மறுபடி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியவரும் அதை நம்பினார் என்றே தோன்றியது. தன் மக்கள் ஒன்பது பேர் தன்னை விட்டுப் போனார்கள் என்பதைவிட ஒருத்தி ஏமாற்றினாள் என்று நம்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். சபையின் சார்பில் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போனது.

நிரூபணமானால் வேலை போகும். வழக்கும் வரும். அவள் அதிகாரியின் முன் நின்றாள். அதே பெண்மணி, அதே ஜலதோஷம்.

"மாத்தினீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஒரே வழிதான். மறுபடியும் எல்லாரையும் கேக்கணும். இந்தத் தடவை நீங்க இல்லாம."

நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறையை ஒதுக்கினார்கள். புகாரில் இருந்த ஐந்நூற்று ஆறு பேரில் வயது வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும்; பிள்ளைகளுக்குப் பெற்றவரில் ஒருவர் சொல்வார். உள்ளே அதிகாரியும் ஒரு மேஜையும் மட்டும். சபையே தினமும் வேன் வைத்து ஆட்களை அழைத்துவந்தது. நாலு நாள் நடந்தது. தன் முறை வரும் வரை அவள் வளாகத்துக்குள் வரக் கூடாது என்றார்கள். தெருவின் எதிர்ச்சாரியில் நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஏழு பேரும் உள்ளே போய், இந்த முறை சபையின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். அவர்களுக்கு நிரந்தரமான நிம்மதி. பழி முழுக்க அவளுடையது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாட்டுக்கார அம்மாளின் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வோம் என்று கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வந்தது. பழுது பார்க்கிறவர் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டையோடு வேனிலிருந்து இறங்கினார். எதிர்ச்சாரியில் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் படியேறினார். புதுப்பெண் மாமியாரின் கையைப் பிடித்தபடி ஏறினாள். மூன்றாம் நாள் பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். முதலில் அவர் போய் வந்தார். பிறகு அந்த அம்மாள் போனார். ஏறியதும் இறங்கியதும் ஒரே வேகம். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அன்று மாலைக்குள் மீட்டர் அக்காவின் செருப்பு வார் அறுந்துவிட்டது.

நான்காம் நாள் அவளும் அந்த அறைக்குள் போய், முன்பு சொன்னதையே சொன்னாள். அவளுக்குப் பின்னால் கணக்கு வாத்தியார் போனார். மகளுக்கும் அவரே சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

பத்து நாள் கழித்து அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டார். பெரியவரும் சபையின் இரண்டு ஆட்களும் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, முதலில் அவளிடம் சொன்னார்.

"நீங்க பதிஞ்சதுல ஒண்ணும் தப்பில்ல. ஒம்பதும் அப்படியே இருக்கு."

அப்போதுதான், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, அவள் ஒரு அலுவலக நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி பெரியவர் பக்கம் திரும்பினார். புகார் தந்தவர் என்ற முறையில் மொத்த எண்ணை மட்டும் சொல்லலாம் என்றார். "இப்ப உங்க சபைன்னு சொன்னவங்க நானூத்தி எண்பத்தாறு பேர்."

சபை ஆட்களில் ஒருவர் காகிதத்தில் கழித்துப் பார்த்தார். இருபது. முதல் முறை சொன்ன ஒன்பது பேரோடு இன்னும் பதினொரு பேர். தனி அறையும் மூடிய கதவும் கிடைத்ததும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று இந்த முறை மீட்டர் அக்காவுக்கே தெரியாது.

கணவரிடம் அவள் கேட்கவில்லை. கேட்க நாக்கு வரை வரும். வந்தது திரும்பிப் போய்விடும். அவர் மறுபடி கூட்டங்களுக்குப் போனார், கண்ணை மூடிப் பிரார்த்தித்தார். அந்தப் பதினொரு பேரில் அவர் இருப்பாரா என்று யோசித்தாள். இருக்க மாட்டார் என்றுதான் தோன்றியது. மகளுக்கு என்ன சொன்னார் என்று மட்டும் அவரே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். "நீ போட்டதையேதான் சொன்னேன். அவ யோசிக்கட்டும்." அன்றைக்கு அவர்கள் உப்பு, சாவியைத் தாண்டி நெடுநேரம் பேசினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பெரியவர் வீட்டு மீட்டரைப் பார்க்கக் குனிந்திருந்தபோது அவரே வெளியே வந்தார். சில மாதத்தில் மனிதர் சுருங்கிப்போயிருந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணினேன், சொல்லு" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் கண்ணாடியைத் துடைத்து முடித்தாள். "எங்கப்பா பக்கத்துல பதினோரு நாள் உக்காந்தீங்க, ஐயா. ஒரு நாள்கூட அவர் எதை நம்பறாருன்னு நீங்க கேக்கல. சும்மா உக்காந்திருந்தீங்க. அத நான் இன்னும் மறக்கல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"தெரியல."

உள்ளிருந்து அவர் மனைவி, காற்றில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார். அவர் போனார். சபைப் பள்ளிக்கு அரசு உதவி கிடைக்கவில்லை, இருந்தாலும் நடந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள்; வந்தவர்கள் முன்பு போலக் கத்திப் பாடவில்லை. சில வீடுகளில் சாக்கட்டி எண் நின்றுபோனது, சில வீடுகளில் நிற்கவில்லை. தன்னோடு இன்னும் பத்தொன்பது பேர் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். மாறாக, கதவைத் திறக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, நீயா, நீயா என்று உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்பது தனக்கே பிடிக்கவில்லை. குடிநீர்ப் பிரிவில் வேறு பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே யாரும் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது, ஒரு நாள் பள்ளிப் பையைக் கீழே வைத்துவிட்டு, இந்த வாரத்திலிருந்து அப்பாவோடு கூட்டத்துக்குப் போகப் போவதாகச் சொன்னாள். யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் முடிவு செய்ததாகவும் சொன்னாள்.

"ஏன்டி?" என்று கேட்டுவிட்டாள் மீட்டர் அக்கா. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யோசிச்சேம்மா" என்றாள் மகள். "எனக்கு அங்க இருக்கப் பிடிச்சிருக்கு. உனக்குக் கஷ்டமா இருக்கா?"

"இருக்கு" என்றாள் அவள். "இருந்தா என்ன, போ."

அந்த வாரம் அப்பாவும் மகளும் சேர்ந்து கிளம்பினார்கள். வாத்தியார் வழக்கத்துக்கு மாறாகச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். அவள் தெருமுனை வரை கூடப் போனாள். கூடத்து வாசலில் மகள் திரும்பிப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். கூட்டம் ஒரு மணி நேரம் நடக்கும். வீட்டுக்குப் போக மனமில்லை, அங்கேயே நிற்கவும் முடியவில்லை. அவள் ஆற்றுப் பாலத்தின் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.